லார்டு லெப்டினன்ட்டை விழாவுக்கு அழைப்பது: யார் இவர், என்ன செய்வார், எங்கே சொதப்பும்?

செம்பருத்தி:
இங்கிலாந்தில் ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு லார்டு லெப்டினன்ட்டைச் சிறப்பு விருந்தினராக அழைக்கலாமா என்று நிர்வாகக் குழுவில் பேச்சு. "கவர்னர் மாதிரி" என்கிறார் ஒருவர். "ரிட்டயர்டு மிலிட்டரி ஆபீசர்" என்கிறார் இன்னொருவர். "எதுக்கு வம்பு, மேயரே போதும்" என்கிறார் மூன்றாமவர். இந்தப் பதவி என்ன, யாருக்கு எழுதணும், விழா அன்று என்ன முறை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேம்ஸ்கரை:
ஒரு கவுண்டிக்குள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மன்னருக்குப் பதிலாக வந்து நிற்பவர், அவ்வளவுதான் லார்டு லெப்டினன்ட். கவர்னரைப் போல மசோதாவில் கையெழுத்திடுவதோ, சட்டசபையில் உரை படிப்பதோ கிடையாது. புதுச்சேரி துணைநிலை ஆளுநரோடும் போட்டுக் குழப்ப வேண்டாம். அவர் மேசைக்குக் கோப்புகள் போகும். இவருக்கு வருவது அழைப்பிதழ்கள்தான். பெயரில் லார்டு இருந்தாலும் பிரபு வம்சமாக இருக்க வேண்டியதில்லை, படையில் இருந்திருக்கவும் வேண்டியதில்லை.

பிரதமரின் பரிந்துரையில் மன்னர் நியமிக்கிறார். 75 வயதில் ஓய்வு. சம்பளம் கிடையாது, செலவு மட்டும் கிடைக்கும். இப்போது செல்லுபடியாகும் சட்டம் 1997இல் வந்த லெப்டினன்சிகள் சட்டம். மொத்தம் 98 பேர்: இங்கிலாந்தில் 47, ஸ்காட்லாந்தில் 35, வேல்ஸில் 8, வட அயர்லாந்தில் 8. ஸ்காட்லாந்தில் எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன், டண்டீ ஆகிய நான்கு நகரங்களில் மட்டும் நகரத் தலைவரான லார்டு ப்ரவோஸ்ட் யாரோ அவரே இந்தப் பதவியையும் சேர்த்துப் பார்ப்பார். லண்டன் நடுவிலுள்ள அந்தச் சதுர மைல் 'சிட்டி'க்குத் தனி ஆள் இல்லை. லார்டு மேயர் தலைமையில் ஓர் ஆணையம் இருக்கிறது.

இவருக்குக் கீழே ஒரு வைஸ் லார்டு லெப்டினன்ட், அப்புறம் டெபுடி லெப்டினன்ட்டுகள். டெபுடிகளின் எண்ணிக்கை அந்தக் கவுண்டியின் மக்கள்தொகையைப் பொறுத்தது. அலுவலகத்தை நடத்துபவர் கிளார்க். நீங்கள் பழக வேண்டியது அந்த கிளார்க்கிடம்தான்.

எழுதும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: உங்கள் ஊர் எந்த லெப்டினன்சியில், அதாவது எந்த லார்டு லெப்டினன்ட்டின் எல்லைக்குள், வருகிறது? கவுன்சில் எல்லையும் இதன் எல்லையும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பிரைட்டனுக்குத் தனி கவுன்சில் உண்டு, ஆனால் லெப்டினன்ட் கிழக்கு சசெக்ஸுக்கு உரியவர். லெஸ்டர் நகரம் லெஸ்டர்ஷயரில் அடக்கம். அந்தச் சின்ன ரட்லண்டுக்கோ தனி ஆள்! ஸ்டாக்டன் இன்னும் வேடிக்கை: ஒரே கவுன்சில், டீஸ் ஆற்றுக்கு வடக்கே டர்ஹாம், தெற்கே வடக்கு யார்க்ஷயர். லண்டன் என்றால் கிரேட்டர் லண்டனுக்கு ஒரே லார்டு லெப்டினன்ட். அதன் 32 பரோக்களுக்கும் (உள்ளாட்சிப் பிரிவுகள்) பரோவுக்கு ஒருவராக ஒரு டெபுடி நியமித்திருப்பார். ஹாரோ, பிரெண்ட், மெர்ட்டன், நியூஹாம் பக்கத்துத் தமிழ்ப் பள்ளி என்றால் உங்கள் விழாவுக்கு வரப்போவது பெரும்பாலும் அந்த பரோ டெபுடிதான். அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை, காரணம் கீழே யாராவது கேட்டால் சொல்கிறேன்.

நெல்லைச்சீமை:
கையில் ஒரு அதிகாரமும் இல்லாத மனுஷருக்கு யூனிஃபார்ம், வாள், தனிக்கொடி வேறு! சும்மா அலங்காரம்தானே? இதற்கு ஏன் சட்டம்?

கல்வெட்டுக்காரன்:
நெல்லை, அந்த வாள் ஒரு காலத்தில் உண்மையான வாள்.

1540களில் எட்டாம் ஹென்றி காலத்தில் ஆரம்பித்த ஏற்பாடு. அதற்கு முன் கவுண்டியில் ஆள் திரட்டுவது ஷெரீஃபின் வேலை. நிரந்தரப் படை கிடையாது; எதிரி வந்தால் ஒவ்வொரு கவுண்டியும் தன் ஆட்களையும் ஆயுதங்களையும் கொண்டுவர வேண்டும். அந்தப் படைத்திரட்டலுக்கு மன்னரின் கையாளாக லெப்டினன்ட் வந்தார். 1588இல் ஸ்பானியக் கப்பற்படை வந்தபோது பயிற்சி பெற்ற உள்ளூர்ப் படைகளைக் கூட்டியது இவர்கள்தான்.

யார் லெப்டினன்ட்டை நியமிக்கிறாரோ அவர் கையில்தான் படை. இதை முழுசாகப் புரிந்துகொள்ள 1642ஐப் பார்க்க வேண்டும். அந்த மார்ச்சில் முதலாம் சார்லஸின் ஒப்புதல் இல்லாமலே பாராளுமன்றம் மிலிஷியா (உள்ளூர்க் குடிப்படை) ஆணை ஒன்றை நிறைவேற்றி, கவுண்டிகளுக்குத் தானே லெப்டினன்ட்டுகளை நியமித்தது. மன்னர் தன் பங்குக்கு வேறு ஆட்களுக்குப் படைதிரட்டும் ஆணை கொடுத்தார். ஒரே கவுண்டியில் இரண்டு பேர், இருவர் கையிலும் தாள், இருவரும் அதே ஆயுதக் கிடங்கின் சாவியைக் கேட்கிறார்கள். அந்தக் கோடையிலேயே உள்நாட்டுப் போர். மன்னராட்சி திரும்பியதும் 1662இல் வந்த மிலிஷியா சட்டம் படைக் கட்டுப்பாடு மன்னருக்கே என்று அடித்துச் சொன்னது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினார்கள். 1871இல் மிலிஷியா கட்டுப்பாடு போனது. உடல்வலுவுள்ள ஆண்களைச் சண்டைக்குக் கூப்பிடும் உரிமை 1921இல் போனது. சட்டையும் வாளும் மட்டும் மிஞ்சின. இன்றைக்கும் ரிசர்வ் படைகள், கேடட் அமைப்புகளோடு இவர்களுக்கு இருக்கும் உறவு அந்தப் பழைய தொடர்பின் மிச்சம். வருடாவருடம் சில கேடட்டுகள் 'லார்டு லெப்டினன்ட்டின் கேடட்' என்று தேர்ந்தெடுக்கப்பட்டு நிகழ்ச்சிகளில் அவரோடு வருவார்கள்.

இன்னொரு பழைய மிச்சம்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலும் இவர்தான் கவுண்டி ஆவணங்களின் காப்பாளர் பட்டத்தையும் வைத்திருப்பார். அதுவும் இப்போது பெயருக்குத்தான்.

தேம்ஸ்கரை:
யூனிஃபார்ம் எப்போதும் போட்டுக்கொண்டு வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆண்களுக்குக் கருநீல ராணுவ பாணி உடுப்பு, காற்சட்டையில் சிவப்புப் பட்டை, தொப்பி, வாள். அரச குடும்ப வருகை, போரில் இறந்தவர்களுக்கான நவம்பர் நினைவு ஞாயிறு போன்ற பெரிய நாட்களுக்கு அது. பெண்கள் யூனிஃபார்முக்குப் பதிலாக ரிப்பன் முடிச்சில் தொங்கும் பதவிச் சின்னத்தைக் குத்திக்கொள்வார்கள். முதல் பெண் லார்டு லெப்டினன்ட் 1975இல் மேற்கு சசெக்ஸில் வந்த நார்ஃபோக் கோமகள் லவினியா. இன்றைய முகங்கள் வேறு: 2015இல் கிரேட்டர் லண்டனுக்கு கென் ஒலிசா, 2017இல் பிரிஸ்டலுக்கு பீச்சஸ் கோல்டிங், 2018இல் லெஸ்டர்ஷயருக்கு மைக் கபூர், 2022இல் சோமர்செட்டுக்கு முகமது சாதிக். குழுவில் யாராவது இன்னும் குதிரையில் வரும் வெள்ளைக்காரத் துரையைக் கற்பனை செய்துகொண்டிருந்தால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

கொடி: இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் யூனியன் கொடியின் நடுவே படுக்கையாக ஒரு தங்க வாள். ஸ்காட்லாந்தில் சிங்கக் கொடி.

வல்வைவாசன்:
செம்பருத்தி, அழைக்கிற விசயத்துக்கு வருவம். ஒழுங்கு இதுதான்.

குறைஞ்சது மூன்று மாதத்துக்கு முன்னமே லெப்டினன்சி அலுவலகத்துக்கு எழுதுங்கோ. இலையுதிர் காலம் என்றால் இன்னும் முன்னுக்கு, நவம்பரிலை அவைக்கு மூச்சுவிட நேரமிராது. முதல் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேலே போகக்கூடாது. அதிலை இருக்க வேண்டியது: பள்ளிக்கூடம் எப்ப தொடங்கினது, எத்தினை பிள்ளைகள், தொண்டர்கள் எத்தினை பேர், திகதி, இடம், அவர் வரவேண்டிய நேரம், போகலாம் என்கிற நேரம், வந்து என்ன செய்ய வேணும். கடைசி விசயத்தைத்தான் எல்லாரும் விடுறவை. "சிறப்பு விருந்தினராக வருகை தந்து" என்று எழுதினால் கிளார்க்குக்கு ஒன்றும் விளங்காது. பரிசு குடுக்கிறதா, ஐந்து நிமிசம் கதைக்கிறதா, பெயர்ப்பலகை திறக்கிறதா, தெளிவாய்ச் சொல்லுங்கோ.

ஓம் என்று பதில் வந்தால் அலுவலகம் ஒரு படிவம் அனுப்பும், இல்லாட்டி நீங்களே ஒரு விபரத்தாள் செய்து அனுப்புங்கோ. கார் விடுற இடம் (வாசலுக்குக் கிட்ட, கூம்பு வைச்சு மறிச்சு, ஒரு ஆளை நிப்பாட்டி), வாசலிலை வரவேற்கிறவரின்ரை பெயரும் கைத்தொலைபேசியும், வேற எந்தப் பிரமுகர்கள் வருகினம், உடை என்ன, ஒலிவாங்கி இருக்கோ, பேச வேணுமெண்டால் எத்தினை நிமிசம், பேச்சுக்கு உதவியாய் பள்ளிக்கூடத்தைப் பற்றி நாலைஞ்சு குறிப்பு. அவை பேச்சைத் தாங்களேதான் எழுதுவினம், ஆனால் சரக்கு நீங்கள்தான் குடுக்க வேணும். பெயர்களை எப்படி உச்சரிக்கிறதெண்டும் ஆங்கிலத்திலை பிரிச்சு எழுதிக் குடுங்கோ. 'திருநாவுக்கரசு' என்று மேடையிலை திடீரெண்டு நீட்டினால் பாவம் அந்த மனிசன் என்ன செய்யும்.

இனி சொதப்புற இடங்கள்.

நேரம். எங்கடை நிகழ்ச்சி நாலு மணி எண்டால் அஞ்சுக்குத்தான் விளக்கு எரியும். இது டெபுடியோடை சரிவராது. அவர் 3.55க்குக் கார் கதவைத் திறப்பார், 5.15க்கு அடுத்த இடத்திலை நிப்பார். ஆக்கள் பிந்தி வருவினம் எண்டு தெரிஞ்சால் அவரை நிகழ்ச்சி நடுவிலை, 5.30க்கு வரச் சொல்லுங்கோ. அதிலை ஒரு வெட்கமும் இல்லை. வெறும் கதிரைகளுக்கு முன்னாலை அவரை இருத்திறதுதான் வெட்கம்.

பொன்னாடை. தோளிலை போர்த்தினால் குத்தியிருக்கிற சின்னமும் மெடலும் மறைஞ்சு போம், ஊசியிலை கொழுவிச் சால்வையும் கிழியும். முன்னமே கேளுங்கோ, மடிச்சுக் கையிலை குடுத்தாலும் மரியாதைதான். மாலை போடுறதெண்டாலும் முதலே சொல்ல வேணும். பொட்டு வைக்கிறதும் அப்படியே, நெத்திக்கு நேரை கையைக் கொண்டுபோய்த் திடுக்கிட வைக்க வேண்டாம்.

மங்கல விளக்கு. நீளமான மெழுகுதிரி குடுங்கோ, தீப்பெட்டி குடுத்து நிக்காதேங்கோ. முதல் திரி ஆர் கொளுத்திறது எண்டு எழுதி வைச்சிருங்கோ. சப்பாத்து கழட்ட வேணுமெண்டால் அதை அழைப்புக் கடிதத்திலையே எழுதுங்கோ, மேடைப் படியிலை வைச்சுச் சொன்னால் நாடா அவிழ்க்க ரெண்டு நிமிசம், இருநூறு பேர் பாத்துக்கொண்டிருப்பினம். கதிரை ஒன்று பக்கத்திலை போட்டு வையுங்கோ.

நெல்லைச்சீமை:
வல்வை அண்ணே, இதெல்லாம் சரி. மேடையில் கட்சிக் கொடி, பேனர், அரசியல் கோரிக்கை மனு இதெல்லாம் இருந்தால்?

வல்வைவாசன்:
வரமாட்டினம், அல்லது வந்து ஐஞ்சு நிமிசத்திலை போயிடுவினம். மன்னர் கட்சி சார்பில்லை, ஆகவே அவருக்குப் பதிலா வாறவரும் பதவியிலை இருக்கும்வரை அரசியலிலை இறங்க ஏலாது. எம்.பி. ஒருவர் அதே மேடையிலை இருக்கலாம், அது பிரச்சினையில்லை. ஆனால் எம்.பி. பேச்சிலை தேர்தல் கதை வந்தால் அவைக்குச் சங்கடம். நிகழ்ச்சி நிரல் முழுக்கவும் முதலே அனுப்புங்கோ, அகவணக்கம் இருந்தால் அது ஆருக்காக எண்டதையும் ஒரு வரி எழுதுங்கோ. மறைச்சு வைச்சு மேடையிலை தெரிய வந்தால் அடுத்த முறை ஒருத்தரும் வராயினம்.

செம்பருத்தி:
மிக்க நன்றி அண்ணா. மேயரையும் அழைத்தால் யார் முதலில்? எங்கள் குழுவில் பாதிச் சண்டை இதில்தான். ஹை ஷெரீஃப் என்று ஒருவரும் இருக்கிறாராமே?

தேம்ஸ்கரை:
மாவட்ட கவுன்சில் தலைவருக்கோ மேயருக்கோ தன் எல்லைக்குள் முதலிடம் உண்டு. 1972 உள்ளாட்சிச் சட்டம் சொல்வது அது. ஆனால் அதே வாக்கியத்தின் மறுபாதியில், அது மன்னரின் தனியுரிமைக்குக் குந்தகமாக இருக்கக் கூடாது என்று ஒரு கொக்கி இருக்கிறது. மன்னருக்குப் பதிலாக வருபவர் அந்தக் கொக்கியால் மேயருக்கு மேலே போய்விடுகிறார். ஆகவே வரிசை: லார்டு லெப்டினன்ட், ஹை ஷெரீஃப், மேயர். பேச்சைத் தொடங்கும்போதும் அதே வரிசை: "மை லார்டு லெப்டினன்ட், ஹை ஷெரீஃப், மிஸ்டர் மேயர்". பெண்ணாக இருந்தாலும் "மை லார்டு லெப்டினன்ட்"தான். மேடையில் விழா நடத்துபவரின் வலப்பக்க நாற்காலி லெப்டினன்ட்டுக்கு, மேயர் இடப்பக்கம்.

டெபுடி வந்தால் குறையில்லை என்று முன்பு சொன்னதற்குக் காரணம் இதுதான். லார்டு லெப்டினன்ட்டின் பிரதிநிதியாக அனுப்பப்பட்டு வரும் டெபுடிக்கு அன்றைக்கு அவருடைய இடம் முழுதாக உண்டு, மேயருக்கு முன்னால். அதே டெபுடி உங்கள் பள்ளி மாணவரின் தாத்தாவாகப் பார்வையாளர் வரிசையில் வந்து உட்கார்ந்தால் அவருக்கு எந்த முன்னுரிமையும் கிடையாது. எனவே கடிதத்தில் கேளுங்கள்: "பிரதிநிதியாக வருகிறாரா?" இந்த ஒரு கேள்வி கேட்காமல் விட்டு, மேயர் அலுவலகமும் லெப்டினன்சி அலுவலகமும் விழா நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது நடக்கும். மேயர் அலுவலகத்துக்கு லெப்டினன்ட் வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். கோபம் வருவது சொல்லாமல் விட்டால்தான்.

ஹை ஷெரீஃப் இன்னும் பழைய பதவி, ஆயிரம் வருடத்துக்கு மேல். பதவிக்காலம் ஒரே ஒரு வருடம். நீதிபதிகள், காவல், சிறை சார்ந்த விஷயங்களில் மன்னரின் ஆள். வெல்வெட் கோட், சரிகை, முழங்கால் வரை காற்சட்டை என்று வருபவர் இவர். நவம்பர் 12இல் இந்தப் பதவிக்கு முன்மொழியப்பட்டவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். பிறகு மன்னர் ஒரு தடித்த ஊசியால் பட்டியலில் பெயருக்கு நேரே குத்தித் தேர்ந்தெடுப்பார். பேனாவால் டிக் அடித்தால் போதாதா என்று கேட்கக் கூடாது! ஏழாம் எட்வர்ட் காலம் வரை கவுண்டியில் இவருக்குத்தான் முதலிடம். அப்போதுதான் லெப்டினன்ட் மேலே போனார்.

கல்வெட்டுக்காரன்:
இருவரின் வேலைப் பிரிவையும் ஒரே நாளில் பார்த்தது 2022 செப்டம்பரில், எலிசபெத் ராணி இறந்தபோது. 10ஆம் தேதி லண்டனில் சார்லஸ் மன்னராக அறிவிக்கப்பட்டார். மறுநாள் 11ஆம் தேதி கவுண்டி கவுண்டியாக அந்தப் பிரகடனம் படிக்கப்பட்டது. படித்தது ஹை ஷெரீஃப், பக்கத்தில் நின்றது லார்டு லெப்டினன்ட். துக்கத்துக்காகத் தாழ்த்தியிருந்த கொடிகள் 10ஆம் தேதி காலை 11 மணிக்கு முழுக்க ஏற்றப்பட்டு, 11ஆம் தேதி பகல் 1 மணிக்கு மீண்டும் அரைக்கம்பத்துக்கு வந்தன. ஒரே மூச்சில் துக்கமும் பதவியேற்பும்.

லங்காஷயர், கிரேட்டர் மான்செஸ்டர், மெர்ஸிசைடு மூன்றும் தனிக் கதை. அங்கே மன்னர் லங்காஸ்டர் டச்சியின் (மன்னருக்குப் பரம்பரையாக வரும் ஒரு பழைய கோமகப் பட்டமும் சொத்தும்) கோமகன் என்ற முறையில் லெப்டினன்ட்டை நியமிக்கிறார். லங்காஷயர் விருந்தில் கிண்ணத்தைத் தூக்கும்போது "மன்னர், லங்காஸ்டர் கோமகன்" என்று சொல்வார்கள். வெளியூரிலிருந்து போய் வெறும் "மன்னர்" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் ஆகாது, ஆனால் பக்கத்து மேசையில் புருவம் உயரும்.

மட்டுநகர்_ரூபி:
எங்கட ஆக்களில கனபேர் டெபுடி லெப்டினன்ட்டைக் கண்டிருப்பினம், ஆரெண்டு தெரிஞ்சிராது. குடியுரிமை விழாவில சான்றிதழ் குடுக்க வாறவர்தான். இந்த விழாக்கள் 2004 பெப்ரவரி 26இல பிரெண்ட் டவுன் ஹாலில தொடங்கினது, அப்ப இளவரசராயிருந்த சார்லஸ் வந்திருந்தார்.

நடக்கிற ஒழுங்கு: வாசலில அழைப்புக் கடிதமும் அடையாளமும் பாப்பினம். கடவுள் பெயரால சத்தியமோ, கடவுள் இல்லாத உறுதிமொழியோ, எது வேணுமெண்டு அங்கேயே கேப்பினம்; இரண்டும் சமம்தான். பதிவாளர் வரவேற்பார், லெப்டினன்ட்டின்ட ஆள் சின்னதாய் ஒரு பேச்சு, பிறகு சத்தியம், உறுதிமொழி, எல்லாரும் சேர்ந்து பற்றுறுதி, பெயர் கூப்பிட்டுச் சான்றிதழ், கைகுலுக்கல், படம், தேசிய கீதம். வேல்ஸில வெல்ஷ் மொழியிலயும் சத்தியம் செய்யலாம்.

பிழைக்கிறது மூன்று இடத்தில. ஒன்று, உள்துறை அமைச்சிட கடிதம் வந்து மூன்று மாதத்துக்குள்ள விழா முடிக்க வேணும். விடுமுறைக்கு ஊருக்குப் போய்க் கடிதத்தைத் தவறவிட்டிடாதேங்கோ. இரண்டு, சான்றிதழில பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம். மேடையில வாங்க முதலே காட்டச் சொல்லிக் கேளுங்கோ. தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறுறது எங்கட ஆக்களுக்கு அடிக்கடி வாற பிரச்சினை, அது பிறகு கடவுச்சீட்டில போய் நிக்கும். மூன்று, 18 வயதுக்கு மேற்பட்டவை வாய்விட்டுச் சொல்ல வேணும், சும்மா உதடு அசைச்சால் காணாது. சத்தியம் செய்யாதவருக்குச் சான்றிதழ் இல்லை.

இன்னொன்று: நூறு வயசுக்கு மன்னரிட வாழ்த்து மடல் லெப்டினன்ட் அலுவலகத்தால வாறதில்லை. அது பக்கிங்ஹாம் அரண்மனையில ஒரு தனிப் பிரிவு. 100, 105, அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும். கலியாணம் எண்டால் 60, 65, 70, பிறகு ஒவ்வொரு வருசமும், அதுக்கு நீங்களே விண்ணப்பிக்க வேணும். மடலைக் கையால கொண்டுவந்து குடுக்க டெபுடி வருவாரோ எண்டு கேக்கலாம், சில இடங்களில வருவினம்.

செம்பருத்தி:
விருதுகள் பற்றியும் ஒரு வரி? எங்கள் பள்ளியில் எல்லோரும் சம்பளமில்லாத தொண்டர்கள்தான்.

தேம்ஸ்கரை:
அப்படியென்றால் நீங்கள் பார்க்க வேண்டியது மன்னரின் தன்னார்வச் சேவை விருது. தனி மனிதருக்கு எம்.பி.ஈ. என்ற அரச விருது எப்படியோ, குழுவுக்கு இது அப்படி. ஒவ்வொரு நவம்பர் 14, மன்னரின் பிறந்தநாளில், பட்டியல் வெளியாகும். ஒரு கண்ணாடிச் சின்னமும் மன்னர் கையெழுத்திட்ட சான்றிதழும் லார்டு லெப்டினன்ட் கையால் கிடைக்கும்.

தகுதி: குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு, மூன்று வருடம் நடந்திருக்க வேண்டும், பாதிக்கு மேல் தொண்டர்கள், அந்தத் தொண்டர்களில் பாதிக்கு மேல் பிரிட்டனில் வசிக்க உரிமை உள்ளவர்கள். நீங்களே உங்களை முன்மொழிய முடியாது. அங்கே தொண்டு செய்யாத, சம்பளம் வாங்காத வெளி ஆள் ஒருவர் எழுத வேண்டும், கூடவே இரண்டு ஆதரவுக் கடிதங்கள். அதற்குப் பிறகு கவுண்டி லெப்டினன்சி மதிப்பிடும். ஒரு டெபுடி நேரில் வந்து பார்ப்பார். பிறகுதான் தேசியக் குழுவுக்குப் போகும்.

இங்கேதான் தமிழ் அமைப்புகள் பின்தங்குகின்றன என்பது என் அபிப்பிராயம். வேலை நன்றாக நடக்கும், தாளில் ஒன்றும் இருக்காது. டெபுடி வந்து கேட்பது: எத்தனை தொண்டர்கள், வாரம் எத்தனை மணி நேரம், யாருக்குப் பயன், தமிழர் அல்லாத அக்கம்பக்கத்தாருக்கும் ஏதாவது உண்டா, குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறதா, கணக்கு யார் பார்க்கிறார். "எங்கள் வாத்தியார் முப்பது வருடமாக உழைக்கிறார்" என்று ஒருவரைப் புகழ்ந்து எழுதினால் அது குழு விருதுக்கு உதவாது. அந்த வாத்தியாருக்குத் தனியாக பி.ஈ.எம். (பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கம்) அல்லது எம்.பி.ஈ.க்கு முன்மொழியுங்கள். பி.ஈ.எம். 2012இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது; மெடலை அரண்மனையில் கொடுக்க மாட்டார்கள், கவுண்டியிலேயே லார்டு லெப்டினன்ட் குத்திவிடுவார். எம்.பி.ஈ. முதல் மேலே எல்லாம் அரச குடும்பத்தினர் கையால்.

அரண்மனைத் தோட்ட விருந்துக்கும் நாமே விண்ணப்பிக்க முடியாது. பெயர் கொடுக்கும் வழிகளில் லெப்டினன்சி அலுவலகமும் ஒன்று. டெபுடி ஒருமுறை உங்கள் பள்ளியைக் கண்ணால் பார்த்திருந்தால் இந்தக் கதவுகள் எல்லாம் சற்று எளிதில் திறக்கும். நெல்லை கேட்ட "சும்மா அலங்காரம்தானே?" என்பதற்கு நேரான பதில் இதுதான்.

நெல்லைச்சீமை:
ஒத்துக்கொள்கிறேன், பாதி. மன்னரையோ இளவரசியையோ நேரே அழைத்தால் இந்த நடு ஆள் தேவையில்லையே?

தேம்ஸ்கரை:
நேரே எழுதினாலும் அந்தக் கடிதம் சுற்றிவந்து லெப்டினன்சி மேசையில்தான் விழும், "இவர்களைத் தெரியுமா, போகலாமா?" என்று. அரச குடும்ப நாட்குறிப்பு ஏறத்தாழ ஆறு ஆறு மாதமாகத் திட்டமிடப்படுகிறது. எனவே ஒரு குறிப்பிட்ட நாளைக் கொடுக்காதீர்கள், ஒரு பருவத்தைக் கொடுங்கள். ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று இடம் காட்ட முடிந்தால் வாய்ப்பு கூடும்; ஒரு பள்ளிக்காக மட்டும் பயணம் ஏற்பாடாவது அரிது.

வருகை உறுதியானால் அறிவிப்பு வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பாதுகாப்புக் காரணத்தால் ரத்தாகலாம். பிறகு ஒத்திகைப் பார்வை: அரண்மனை ஆட்கள், காவல்துறை, லெப்டினன்சி எல்லோரும் வந்து வழியை நிமிடக் கணக்கில் நடந்து பார்ப்பார்கள். அன்று வாகனத்திலிருந்து இறங்கும் இடத்தில் முதலில் வரவேற்பவர் லார்டு லெப்டினன்ட். மேயர், காவல்துறைத் தலைவர், பள்ளித் தலைவர் என்று அறிமுகப்படுத்துவதும் அவரே. வழியனுப்புவதும் அவரே.

கெடுவது எப்போதும் அறிமுக வரிசையில்தான். குழுவில் இருக்கும் அத்தனை பேரும் கைகுலுக்க ஆசைப்படுவார்கள். ஒருவருக்கு அரை நிமிடம் என்றாலும் நாற்பது பேருக்கு இருபது நிமிடம் போய்விடும், அவ்வளவுதான் மொத்த நேரமே. நேர்வரிசை வேண்டாம். ஐந்தாறு பேராக அரைவட்டக் குழுக்கள், குழுவுக்கு ஒருவர் தலைவர், அவர் மட்டும் மற்றவர்களை அறிமுகம் செய்வார். ஒரே ஆள் இரண்டு குழுவில் வந்து நிற்கும் தந்திரம் உடனே கண்ணில் படும்.

பெயர்ப்பலகை திறப்பு என்றால் வாசகத்தை முன்கூட்டியே ஒப்புதலுக்கு அனுப்புங்கள். திரையை அன்று காலை பத்து முறையாவது இழுத்துப் பாருங்கள், கயிறு எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். விருந்தினர் ஏட்டில் கையெழுத்துக்கு ஒரு தனித்தாள், எழுதும் பேனா ஒன்று, எழுதாவிட்டால் இன்னொன்று.

வல்வைவாசன்:
இதோடை சேர்த்து: தேசிய கீதமும் தமிழ் மொழி வாழ்த்தும் இரண்டும் இருந்தால் ஒழுங்கை நிரலிலை எழுதி, "எழும்பி நிக்க வேணும்" எண்டு ஆங்கிலத்திலையும் அறிவிக்க ஒருத்தரை வையுங்கோ. ஒலிப்பதிவிலை போடுறதெண்டால் கீதத்தின்ரை முதல் பந்தி மட்டும் வெட்டி வைச்சிருங்கோ. முழுக்க ஓடவிட்டால் இரண்டாம் பந்தி ஆருக்கும் பாடமிராது.

செம்பருத்தி:
கடிதம் "டியர் லார்டு லெப்டினன்ட்" என்று தொடங்கினால் போதுமா? கிளார்க்குக்கா, அவருக்கே எழுதுவதா?

தேம்ஸ்கரை:
அவர் பெயருக்கு எழுதி, லெப்டினன்சி அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். "டியர் லார்டு லெப்டினன்ட்" சரியான தொடக்கம். உறையில் "ஹிஸ் மெஜஸ்டிஸ் லார்டு லெப்டினன்ட் ஆஃப்" என்று கவுண்டிப் பெயரோடு. பதில் கிளார்க்கிடமிருந்து வரும், அதற்குப் பிறகு எல்லாம் அவரோடு மின்னஞ்சலில்.

வல்வைவாசன்:
முடிஞ்சு ஒரு கிழமைக்குள்ளை நன்றிக் கடிதமும் ரெண்டு மூன்று நல்ல படமும் அனுப்புங்கோ. பிள்ளைகள் நிக்கிற படமெண்டால் தாய்தகப்பனிட்டை எழுத்திலை ஒப்புதல் வாங்கின பிறகு. அந்தப் படிவத்தை விழாவுக்கு முதல் கிழமையே வகுப்பு வகுப்பாய்க் குடுத்து வாங்கிடுங்கோ, பிறகு ஒருத்தரையும் பிடிக்கேலாது.